நாற்றங்காலும் நடவுவயலும்



பத்தாண்டு நிறைவு ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சிறிய செய்தி ஆகாது. நூல்களைப் பற்றிப் பேசியும் கவிதை படித்தும் பிரிகின்ற ஓர் அமைப்பு, அடுத்த பத்தாண்டில் தன் கடமை யாது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் இது. அவ்வெண்ணத்தை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவது பொருந்தும். மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வந்தவுடன் காவிரி நாட்டின் பல வீடுகளில் எழுகின்ற கேள்வி அது. தமிழிலும் வரலாற்றிலும் நாட்டமுடைய ஒரு பிள்ளை, அந்த நாட்டத்தின் வழியே கலைக்கல்லூரிக்குச் செல்வதா? அன்றிப் பொறியியல், கணினி, மருத்துவம், வணிகவியல் என்று பிழைப்புக்கு உறுதி தரும் படிப்பிற்குச் செல்வதா? இரண்டு மா நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டவிருக்கும் தந்தைக்கும் இக்கேள்வி உண்டு. இத்தகைய வட்டங்களின் உறுப்பினர்களிடமும் அப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் விடை, சொல்பவரின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாக இருந்தால் போதாது. கேட்பவரின் வாழ்வுக்கும் பொறுப்பேற்பதாக இருத்தல் வேண்டும்.

இக்கேள்வி புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஒரு குடும்பம் இதனை எதிர்கொண்டது. 1855ஆம் ஆண்டு பிறந்த உத்தமதானபுரம் உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆங்கிலம் கற்றால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும் என்பது அக்காலத்தின் பொதுக் கருத்து. வடமொழி கற்றால் சமயத்துறையில் மதிப்புண்டு என்பது உறவினரின் எண்ணம். தமிழ் கற்பதால் இவ்விரண்டில் எந்தப் பயனும் இல்லை என்றே பலரும் கருதினர். ஆயினும் பிள்ளையின் உள்ளம் தமிழிலேயே ஊன்றி நின்றது.

இவ்விடத்தில் அத்தந்தை செய்தது நினைக்கத் தக்கது. தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஆசிரியர் எங்கே உள்ளாரோ அங்கே குடும்பத்தையே கொண்டுசென்றார். அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது அவ்வேழைக் குடும்பம். இறுதியில் 1871ஆம் ஆண்டு, மகனின் பதினேழாம் வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவனை ஒப்படைத்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்பும் வந்தது. ஆனால் இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஆழ்ந்து செல்லாது என்று ஆசிரியர் கருதவே, மாணவர் அதனையும் விட்டார். ஒரு துறையைத் தேர்ந்தவர் மற்றொன்றை இழக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றைப் பலரும் ஆர்வத்தின் வெற்றி என்று மட்டும் எடுத்துக் காட்டுவர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அம்மாணவருக்குச் சோறிட்டது யார் என்பது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போற்றியது திருவாவடுதுறை ஆதீனம். அவருடைய மாணவர்களுக்கு உணவும் தங்கும் இடமும் அளித்ததும் அம்மடமே. காவிரிப் பாசனத்தில் விளைந்த மடத்து நெல், மடத்தின் களஞ்சியத்திலிருந்து ஒரு பகுதி தமிழ்க் கல்விக்கும் சென்றது. அவ்வாதரவு இருந்தும் பிள்ளையவர்கள் கடன் தொல்லையிலிருந்து விடுபடாமலே 1876ஆம் ஆண்டு மறைந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் மறைவுக்குப் பின்னும் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் சாமிநாதையர் மடத்திலேயே இருந்து கற்றார், கற்பித்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது அவர் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி வாய்த்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். தமிழ் படித்தவனுக்குப் பயன் என்ன என்ற கேள்விக்கு அக்குடும்பம் பெற்ற முதல் விடை அந்த ஐம்பது ரூபாய். அதுவரை அக்கல்வியைத் தாங்கியவை ஒரு தந்தையின் தியாகமும் ஒரு மடத்தின் களஞ்சியமும் ஆகும்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்ந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் உலாக்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த ஒரு வினா, மடத்துக் கல்வியில் ஊறிய ஒரு புலவரின் வாழ்நாளைத் திசை திருப்பியது. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. 1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெறும்வரை, கும்பகோணத்தில் வகுப்பு நடத்திக்கொண்டே அவர் செய்த பணிகள் இவை.

இந்நிகழ்ச்சியில் இருவர் உள்ளனர். ஒருவர் ஆங்கிலமும் சட்டமும் கற்று நீதித்துறையில் வாழ்ந்தவர். அக்காலத்தின் தொழிற்படிப்பைப் படித்தவர். மற்றவர் தமிழ் ஒன்றையே கற்றவர். எதைத் தேட வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர் முன்சீப்பு. தேடுவதற்கு வாழ்நாளைக் கொடுக்கக் கூடியவர் புலவர். முன்சீப்பின் இலக்கிய அறிவு இல்லையேல் அக்கேள்வி பிறந்திராது. புலவரின் முழுநேரக் கல்வி இல்லையேல் அக்கேள்விக்கு விடை கிடைத்திராது. ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, உரையில் வரும் மேற்கோள் எந்நூலுடையது என்று தேடி ஆண்டுக்கணக்கில் அமர்வது, நீதிமன்றம் முடிந்து வீடு திரும்பிய ஒருவரின் மாலைப் பொழுதில் முடியும் வேலையன்று.

கலைப்படிப்பா தொழிற்படிப்பா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தேட வேண்டும். இலக்கியத்தில் நாட்டம் என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு நாட்டங்கள் குறிக்கப்படுகின்றன. ஒன்று படைக்கும் நாட்டம். மற்றொன்று ஆராயும் நாட்டம். இவற்றைப் பிரித்தறியாமல் அறிவுரை கூறுவதால் வரும் துன்பம் பெரிது.

படைக்கும் நாட்டத்திற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்குக் காவிரிக் கரையே சான்று. புதுக்கவிதைக்கு வழி வகுத்த ந.பிச்சமூர்த்தி சட்டம் படித்துக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பின்னர்க் கோயில் நிர்வாக அலுவலராகப் பணியாற்றியவர். தி.ஜானகிராமன் பள்ளியாசிரியராகவும் வானொலி நிலையத்திலும் பணிபுரிந்தார். எம்.வி.வெங்கட்ராம் பட்டுச் சரிகை வணிகத்தில் இருந்தவர். வணிகம் கைவிட்ட பின் எழுத்தையே நம்ப நேர்ந்தபோது, பதிப்பகங்களுக்காக வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவற்றை எழுதிக் குடும்பத்தைக் காக்க வேண்டியிருந்தது. ‘காதுகள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 1993ஆம் ஆண்டு, அவருடைய எழுபதுகளில். கு.ப.ராஜகோபாலன் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர். கண்நோயால் அவ்வேலையை இழந்தபின் எழுத்தே பிழைப்பாக, வறுமையில் வாடி 1944இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். இவர்களுக்கு வேலை இலக்கியத்தின் பகையாக இருக்கவில்லை. வேலை போனதே எழுத்தைத் துன்புறுத்தியது. கவிதை எழுத வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை பி.ஏ. தமிழில் சேர வேண்டியதில்லை. கவிதை எழுதுகிறான் என்பதற்காகக் கணினிப் படிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை.

தமிழ்த்தொண்டுக்கும் இது பொருந்தும். 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரந்தைத் தமிழ்ச்சங்கத்தைத் தலைவராக இருந்து வளர்த்த த.வே.உமாமகேசுவரனார் தொழிலால் வழக்கறிஞர். அவர் புலவர் பட்டம் பெற்றிருந்தால் நல்லாசிரியர் ஒருவர் கூடியிருப்பார். வழக்கறிஞராக இருந்ததால் ஒரு சங்கமும் ஓர் இதழும் ஒரு கல்லூரியும் எழுவதற்கு அவரால் துணைநிற்க முடிந்தது.

ஆனால் ஆராயும் நாட்டத்தின் கணக்கு வேறு. அது முழு ஆயுளைக் கேட்கும். நடுக்காவேரியில் உழவர் குடியில் பிறந்த ந.மு.வேங்கடசாமி நாட்டார், மதுரைத் தமிழ்ச்சங்கத் தேர்வுகளை எழுதித் தேறி, திருச்சியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, இறுதிக் காலத்தில் கரந்தைப் புலவர் கல்லூரியில் ஊதியம் பெறாத முதல்வராக இருந்தார். சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் அவர் கண்ட உரைகள், கற்பித்தலே வாழ்வாக இருந்ததால் எழுந்தவை. திருப்புறம்பயத்தில் பிறந்த தி.வை.சதாசிவ பண்டாரத்தார், கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே கோயில் கோயிலாகக் கல்வெட்டுகளைப் படித்தார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அவ்வாழ்வின் விளைச்சல். அவரிடம் பெரிய பட்டங்கள் இல்லை. தம் ஆய்வுக்கு இசைந்த ஓர் ஆசிரியப் பதவியும் அதைவிட்டு விலகாத உறுதியும் இருந்தன.

இத்தகையோர் இல்லாமற்போனால் என்ன நேரும்? தஞ்சைப் பெரியகோயிலின் சுவர்களில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளை முறையாகப் பதிப்பிக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்சு என்ற செருமானிய அறிஞர் வர வேண்டியிருந்தது. அக்கோயிலை நாள்தோறும் வலம்வந்த ஊராருக்கு அவ்வெழுத்து வெறும் கீறலாகவே இருந்தது. சரசுவதி மகாலில் மராட்டிய அரசர் காலத்து ஆவணங்கள் மோடி எழுத்தில் உள்ளன. அவற்றுட் சிலவற்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. எஞ்சியவற்றைப் படிக்க அவ்வெழுத்தும் அம்மொழியும் கற்றவர் வேண்டும். பூச்சி அரிக்கும் வேகத்தைவிடப் படிப்பவரின் வேகம் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

பழம்பெருமைக்கு மட்டுமே அத்தகைய படிப்பு உதவும் என்பார்க்குக் காவிரி வழக்கையே காட்டலாம். 1983ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் காவிரிப் பாசன விவசாயிகள் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1990 மே 4ஆம் நாள் நீதிமன்றம் இட்ட ஆணையால் ஜூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் அதனைத் திருத்தி, தமிழ்நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட அவ்வழக்கில் பொறியாளர்கள் நீரை அளந்து கூறினார்கள். அவர்களுக்கு இணையாக வழக்கை நடத்தியவை 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையும் 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஆகும். அவை எச்சூழலில் எழுந்தன, ஒரு விதியின் சொல்லுக்குப் பொருள் யாது, ஐம்பது ஆண்டுகள் கழிந்ததும் அவ்வுடன்படிக்கை முடிந்ததா, நீடித்ததா என்ற வினாக்கள் குறுவைக்கும் சம்பாவுக்கும் வரும் தண்ணீரைத் தொட்டு நின்றன. பழைய ஏட்டைப் படித்துப் பொருள் காண்பது வயலுக்குத் தொடர்பில்லாத கலை என்று இந்நாட்டில் எவரும் சொல்ல இயலாது.

பயன் தரும் படிப்பு எது என்ற கணக்கும் நிலையானதன்று. சாமிநாதையர் சென்னைக்குச் சென்ற மறு ஆண்டு, 1904இல், அதே கும்பகோணம் கல்லூரியில் சீனிவாச இராமானுசன் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அன்றைய வீட்டுக் கணக்கில் கணிதப் பித்தும் பயனற்ற நாட்டமே. இன்று அதே கணிதம் பிழைப்புக்குரிய படிப்புகளின் முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. ஒரு காலத்தில் உறுதியான வேலைக்கு வழி என்று கருதப்பட்ட தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணினி வந்தபின் மதிப்பிழந்தன. 1984ஆம் ஆண்டு தொடங்கித் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. தமிழ்நாட்டில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூற்றைக் கடந்தது. பின் இடங்கள் நிரம்பாமல் பல கல்லூரிகள் மூடப்பட்டன. நிலத்தை விற்றுப் பெற்ற பட்டத்துடன், அப்படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையில் அமர்ந்த இளைஞர்கள் காவிரி நாட்டிலும் உள்ளனர். பிள்ளைக்குப் பொருந்தாத தொழிற்படிப்பு பிழைப்புக்கும் உறுதி தருவதில்லை.

எனினும் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தமிழாசிரியர்க்கு மற்றை ஆசிரியரினும் குறைந்த ஊதியமும் குறைந்த மதிப்பும் இருந்த காலம் நெடிது. இன்றும் கலைப்பட்டம் பெற்றவர் ஆசிரியப் பணிக்கும் அரசுத் தேர்வுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கூலி வேலை செய்யும் தாய் வளர்த்த பிள்ளையிடம், ‘தமிழுக்காக வா’ என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. இதனினும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. தஞ்சை மன்னர் சரபோசி கல்லூரியிலோ குந்தவை நாச்சியார் கல்லூரியிலோ கும்பகோணம் கல்லூரியிலோ தமிழும் வரலாறும் படிக்க வரும் மாணவருட் பலர் அத்துறையைத் தேர்ந்து வந்தவரல்லர். குறைந்த கட்டணத்தில் கிடைத்தது அதுவே என்பதால் வந்தவர்கள். தேர்ந்தெடுக்கும் வசதி உடைய வீட்டார் தம் பிள்ளைக்கு அதனைத் தேர்வதில்லை; மேடையில் தமிழின் சிறப்பைப் பேசுவோர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. விரும்பி வருபவர் குறைந்த துறையாக அது ஆகிவிட்டது. அப்படி வந்தவருள்ளும் நாட்டம் பிறப்பதுண்டு. அதைக் கண்டு பேணுவார் இல்லாமையே குறை.

காவிரி நாட்டு உழவர் அறிந்த கணக்கு ஒன்று இங்கு உதவும். ஓர் ஏக்கர் நடவுக்கு ஏறத்தாழ எட்டு சென்ட் நாற்றங்கால் வேண்டும். அந்த எட்டு சென்டை வீண் நிலம் என்று எந்த உழவரும் சொல்வதில்லை. நிலம் முழுவதையும் நாற்றங்காலாக்குவதும் இல்லை. கலைக்கல்வியும் அவ்வாறே. எல்லாரும் அதற்கு வர வேண்டும் என்பது அறியாமை; ஒருவரும் வர வேண்டாம் என்பது அடுத்த நடவையே மறந்த செயல். நாற்றங்காலுக்குத் தனி உழவும் தனி எருவும் தனிக் காவலும் உண்டு. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைக்கும் அப்படி ஒரு தனிக் காப்பு வேண்டும். அன்று அதனைத் தந்தது மடத்தின் களஞ்சியம். இன்று அந்தப் பொறுப்பு யாருடையது?

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்குரிய பணி இக்கேள்வியில் உள்ளது. பட்டப்படிப்பைப் பற்றிக் கேட்டு வரும் பிள்ளையிடம் முதலில் அறிய வேண்டியது, அவன் எழுத விரும்புகிறானா, ஆராய விரும்புகிறானா என்பது. எழுத விரும்புபவனை அவனுக்கு இயன்ற தொழிற்படிப்பிற்கே துணிந்து அனுப்பலாம். அவன் மாலைப் பொழுதுகளுக்கு இவ்வட்டத்தின் வாயில் திறந்திருந்தால் போதும். ஆராய விரும்புபவனிடம் இடரையும் சொல்ல வேண்டும், வழியையும் காட்ட வேண்டும். தமிழோடு கல்வெட்டெழுத்தோ மோடியோ வடமொழியோ ஆங்கிலமோ எது துணையாகும் என்று கூறி, சரசுவதி மகாலுக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கும் அழைத்துச் சென்று அங்குள்ளோரிடம் அறிமுகம் செய்தல் வேண்டும்.

அறிவுரையோடு நின்றால் அது கடமையில் பாதி. இவ்வட்டத்து உறுப்பினருள் வழக்கறிஞர், வணிகர், வங்கி ஊழியர், பொறியாளர், உழவர் எனப் பலர் உள்ளனர். அவர்கள் இராமசுவாமி முதலியாரின் இடத்தில் இருப்பவர்கள். சீவக சிந்தாமணி அச்சானபோது முன்னரே கையொப்பமிட்டுப் பணம் தந்து உதவியவருள் இத்தகையோர் பலர். ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும், மூன்றாண்டுப் படிப்பு முடியும்வரை நூலுக்கும் உணவுக்கும் ஆகும் செலவை இவ்வட்டம் ஏற்குமாயின், அப்பிள்ளையின் தந்தை நிலத்தையும் விற்க வேண்டாம், பிள்ளையின் நாட்டத்தையும் விற்க வேண்டாம். பத்தாண்டில் பத்துப் பேர். அவருள் ஒருவர் பண்டாரத்தாரைப் போல் நின்றால், இந்நாட்டின் ஒரு நூற்றாண்டு வரலாறு இருளிலிருந்து வெளிவரும். மற்ற ஒன்பதின்மரும் நல்லாசிரியராகவோ நல்ல வாசகராகவோ இருப்பர், அதுவும் இழப்பாகாது.

வேங்கடசுப்பையர் தம் மகனைப் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்த நாளில், அவன் பின்னாளில் என்ன ஆவான் என்று அவருக்குத் தெரியாது. தம்மால் இயன்றதைக் கொடுத்தார். இயலாததை ஒரு மடம் கொடுத்தது. அவ்விரண்டும் கூடியிருந்தமையால் இன்று புறநானூறு கையில் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அத்தகைய ஒரு தந்தை இவ்வட்டத்தின் கூட்டத்திற்கும் வரக்கூடும். அவருக்குச் சொல்ல விடையும், கொடுக்க ஒரு சிறு தொகையும் ஆயத்தமாக இருக்குமாயின், இந்தப் பத்தாம் ஆண்டு விழா பயனுடையதாகும்.